கடைசி வரிக்கு முதலில் பதில்

மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் என்று இதயப் பரிசோதனை எல்லாமே இயல்பாக வந்திருக்கின்றன. 43 வயதில் உங்கள் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது வரும் படபடப்பு, விரல் நுனி மரத்துப்போவது, வயிற்றுப் பொருமல் எல்லாம் பதற்றத்தால் வருபவை. ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி, கூடவே வியர்வை என்று வந்தால், நடக்கும்போதானாலும் சும்மா இருக்கும்போதானாலும், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரவெல்லாம் செல்போனில் மாரடைப்பு அறிகுறிகளைத் தேடிப் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது, கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி: ‘எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் பணத்தில் கடனாவது அடையும்.’ இது சாவுக்குப் பயப்படுபவர் எழுதும் வரி அல்ல. ஆகவே நேராகவே கேட்கிறேன். தற்கொலை எண்ணம் வருகிறதா? எப்படி, எப்போது என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஆம் என்றால், மீதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104-லும் பேசலாம். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள்.

வேலை போய் ஐந்து மாதமாகியும் வீட்டில் சொல்லவில்லை, டிபன் கேரியரோடு கிளம்பி மாலை வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறீர்கள். இப்படி ஒருவர் என்னிடம் வந்தார். உடன் வந்த மனைவியின் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாமல், ஓ.பி. சீட்டை மடித்து மடித்துக் கிழித்தேவிட்டார். அந்த அம்மா சொன்னார்: “எச்சில் பாத்திரமாக வரும் கேரியர், இரண்டு மாதமாகக் கழுவித் துடைத்து வருகிறது. எனக்கு அன்றைக்கே தெரியும்.” கணவர் அங்கேயே உடைந்து அழுதார். அன்று இரவுதான் பல வாரங்களுக்குப் பிறகு தூங்கியதாக, அடுத்த முறை வந்தபோது சொன்னார். உங்கள் வீட்டிலும் ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்கும். மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். வேலை போனதை மட்டுமல்ல, அந்தக் கடைசி வரியையும் சொல்லுங்கள்.

இனி மாத்திரை விஷயம். மருந்துக்கடைக்காரர் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை, இரவுக்கு அரை என்று தொடங்கி இப்போது இரண்டாகிவிட்டது. சில நாள் மதுவோடு சேர்த்து! மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. மதுவோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகலாம். அதற்காகப் பயந்துபோய் நாளையே அடியோடு நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரும் ஆபத்து உண்டு. மருத்துவர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டாம், மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதையும் இன்றே வெளியேற்றச் சொல்லுங்கள். எண்ணம் உச்சத்தில் இருக்கும் வேளை பெரும்பாலும் குறுகியது. அந்த வேளையில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கின்றன.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, ஆறு கிலோ எடை குறைவு, பிள்ளைகளோடு பேசக்கூடப் பிடிக்காதது, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வு நோய் என்றே சந்தேகிக்கிறேன். அதற்கான மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அல்பிரசோலம்போல் அடிமையாக்குபவை அல்ல.

பேருந்து நிலையப் பெஞ்சில் எட்டு மணி நேரம் உட்காருவதும் உங்களை அரிக்கிறது. 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடியபின், சமூக உளவியலாளர் மேரி யஹோடாவும் அவருடைய குழுவினரும் தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தை அளந்தார்கள். வீட்டு வேலை பார்த்த பெண்களைவிட வேலையிழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். போகவேண்டிய இடம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. உங்களுக்கு நாளைக்கு ஓர் இடம் இருக்கிறது. கேரியரோடு கிளம்பும் அதே நேரத்துக்கு, மனைவியோடு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மாத்திரை அட்டையை அவரே எடுத்து வரட்டும்.