கொக்கியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் பெரியம்மா அமெரிக்காவிலிருந்து 1970-களில் கொண்டுவந்த மூன்று சர முத்துமாலை இப்போது என்னிடம் இருக்கிறது. கொக்கியின் பின்பக்கம் ‘ட்ரிஃபாரி’ என்று பொடி ஆங்கில எழுத்து. பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ‘சி’. நகைக்கடையில் காட்டினேன். “வெறும் டூப்ளிகேட்” என்று என் பக்கமே தள்ளிவிட்டார். அவ்வளவுதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: டூப்ளிகேட்தான். அந்த ‘வெறும்’தான் எனக்கு உறுத்துகிறது.

குஸ்தாவோ ட்ரிஃபாரி இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர். 1904-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பிறகு லியோ கிரஸ்மன், கார்ல் ஃபிஷெல் இருவரும் கூட்டுச் சேர்ந்து, 1920-களில் மூவர் பெயரிலும் ஃபேஷன் நகைக் கம்பெனி நடந்தது. 1930-இல் ஆல்ஃபிரட் ஃபிலிப் வந்தார். அதற்கு முன்பு கார்ட்டியே போன்ற பெரிய நகை நிறுவனங்களுக்கு அசல் வைர நகை டிசைன் போட்டவர். கண்ணாடிக் கல்லுக்கும் அதே சிரத்தையோடுதான் வரைந்தார். அதனால்தான் அந்தக் காலத்து ட்ரிஃபாரி ப்ரோச்சை (உடையில் குத்திக்கொள்ளும் நகை) கையில் எடுத்தால் சட்டென்று கீழே வைக்க மனம் வராது.

1953 ஜனவரியில் ஐசனோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற இரவு, நடன விருந்துக்கு அவர் மனைவி மேமி அணிந்து வந்தது ட்ரிஃபாரியின் போலி முத்து. நம் ஊர்க் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கவரிங் போட்டால் என்ன பேச்சு பேசுவார்கள்! அந்த அம்மாள் அசரவில்லை. 1957-இல் இரண்டாவது பதவியேற்புக்கும் அதே கம்பெனி நகைதான்.

சரி, உங்கள் வட்ட ‘சி’க்கு வருகிறேன். தங்கள் டிசைனைக் காப்பியடித்ததாக சாரெல் என்ற கம்பெனி மீது ட்ரிஃபாரி வழக்குப் போட்டது. ஃபேஷன் நகையும் கலைப்படைப்புதான், அதற்கும் காப்பிரைட் (பதிப்புரிமை) உண்டு என்று 1955-இல் நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சமயத்திலிருந்துதான் காப்பிரைட்டைக் காட்டும் இந்த வட்ட ‘சி’ குறி அவர்கள் நகைகளில் வாடிக்கையானது. ஆகவே உங்கள் மாலை அதற்குப் பிந்தியது. 1975-இல் வாழ்த்து அட்டை போடும் ஹால்மார்க் நிறுவனம் ட்ரிஃபாரியை வாங்கியது. அப்புறம் கை மாறிக்கொண்டே போயிற்று.

மணி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதை லென்ஸ் வைத்து நூல் துளையில் பாருங்கள். துளையோரம் பூச்சு பெயின்ட் போல உரிந்து, உள்ளே பளபளப்புத் தெரிந்தால் கண்ணாடி. கையில் வைத்ததும் சில்லென்று கனமாகவும் இருக்கும். இந்தப் பூச்சு பழைய வித்தை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜாக்கான் என்ற ஜெபமாலைக்காரர் ஆற்றுமீன் செதிலைக் கழுவிய தண்ணீரில் முத்தின் மினுக்கைக் கண்டுபிடித்தார். அந்தக் குழம்பைக் கண்ணாடி மணிக்குள் பூசி, மெழுகு நிரப்பி விற்றார். பிற்பாடு மணியின் மேலேயே பல முறை தோய்த்தெடுக்கும் முறை வந்தது. பல்லில் லேசாகத் தேய்த்தால் அசல் முத்து நறநறக்கும், போலி வழுக்கும். இந்தச் சோதனையைக் கடையில் வைத்துச் செய்யாதீர்கள்.

விலையா? அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினின் மூன்று சரப் போலி முத்துமாலை 1996 ஏலத்தில் 2,11,500 டாலருக்குப் போனது. அது கழுத்துக்குக் கிடைத்த விலை.

சென்ட்டை அடித்து அது காய்ந்த பிறகு மாலையைப் போடுங்கள். என் மனைவியின் மாலையில் பிடரிப் பக்கத்து மணிகள் மட்டும் மொட்டையாகிவிட்டன, இது தெரியாமல். தண்ணீரில் கழுவ வேண்டாம், ஈரத்துணி போதும். நூல் மாற்றிக் கோக்கக் கொடுத்தால், “கொக்கியும் புதுசாப் போட்டுடலாம்மா” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி பெயர் அதில் மட்டும்தான் இருக்கிறது.