நிலவொளி ஏன் துணியில் ஏறவில்லை? டீ-ஷர்ட் டிசைன் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

கேள்வி: ஓய்வு நேரத்தில் டிஜிட்டலில் படம் வரைவேன். சமீபத்தில் ஓர் ஆன்லைன் டீ-ஷர்ட் டிசைன் குழுவில் சேர்ந்து, கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு ஒரு டிசைன் போட்டேன். நிலவுக்குக் கீழே ஒரு காகிதக் கப்பல் மிதக்கும். நிலவைச் சுற்றி மெல்ல மங்கிப் போகும் ஒளிவட்டம். ஓட்டு மிகக் குறைவு. வந்த ஒரே கருத்து, "படம் அழகு, ஆனால் பிரிண்ட் ஆகாது." ஏன் என்று கேட்டேன், பதில் இல்லை. இந்தக் குழுக்களில் எப்படிப் பங்கெடுக்க வேண்டும்? நண்பர்களை ஓட்டுப் போடச் சொல்லலாமா? படத்தின் உரிமை என்னிடமே இருக்குமா?

பதில்: அந்த ஒற்றை வரியை எழுதியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காரணத்தையும் சொல்லியிருந்தால் உங்களுக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும். முதலில் அதை முடித்துவிடுவோம். துணியில் மை எப்படி உட்காருகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் குழுக்களில் நடக்கும் பேச்சில் பாதி புரியும்.

சிக்கல் ஒளிவட்டத்தில் இருக்கிறது. திரையில் அதை வரைய மிருதுவான தூரிகையை எடுத்திருப்பீர்கள். நிலவின் ஓரத்தில் நிறம் அடர்த்தியாகத் தொடங்கி, வெளியே போகப் போக ஒளி ஊடுருவும் தன்மை கூடி, கறுப்பில் கரைந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அப்படிக் கரைய வழியில்லை. ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலையில் மை இறங்க வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். அந்த இடத்தில் மை இறங்கும், மற்ற இடத்தில் இறங்காது. பாதி மை என்று ஒன்று கிடையாது. போதாததற்கு உங்கள் துணி கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சளை நேராக அடித்தால் அது செத்துப்போகும். அதனால் முதலில் வெள்ளை மையால் ஓர் அடித்தளம், அதாவது அண்டர்பேஸ், போட்டு, சூடுகாட்டி, அதன் மேல்தான் வண்ணம் போடுவார்கள். ஆக, மஞ்சள் மங்கும்போது அடியில் இருக்கும் வெள்ளையும் கூடவே மங்க வேண்டும். இல்லையென்றால் நிலவைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

ஸ்கிரீனே வேண்டாம், டி.டி.ஜி. முறையில் பிரிண்டர் நேராகத் துணியில் அடிக்கட்டுமே என்று தோன்றலாம். அங்கேயும் அடர்நிறத் துணிக்கு வெள்ளை அடித்தளம் வேண்டும். உங்கள் ஃபைலில் அரைகுறையாகத் தெரியும் ஒவ்வொரு பிக்சலுக்கும் அடியில் கொஞ்சம் வெள்ளையைத் தெளித்துவிடும். ஒளிவட்டம் சாம்பல் பூசியது போல் வெளிறி வரும். படலத்தில் அடித்துத் துணியில் ஒட்டும் டி.டி.எஃப். முறையில் வேறொரு சங்கடம். பசைத்தூள் மையில்தான் ஒட்டும். மை மெலிந்த இடத்தில் பசையும் மெலியும், துவைக்கத் துவைக்க அந்த ஓரங்கள்தான் முதலில் உரியும்.

மாற்று வழி ஹாஃப்டோன். மங்கலைப் புள்ளிகளாக உடைப்பது. நிலவருகே பெரிய புள்ளிகள், நெருக்கமாக. விலக விலகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு புள்ளியும் முழு மை. இடைவெளியில் தெரிவது துணியின் கறுப்பு. நான்கடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரியும். ஃபோட்டோஷாப்பில் ஒளிவட்டத்தைத் தனியாக எடுத்து, கிரேஸ்கேலாக்கி (சாம்பல் சாயல்கள் மட்டும்), பிட்மேப் மோடுக்கு (கறுப்பும் வெள்ளையும் மட்டும்) மாற்றும்போது ஹாஃப்டோன் ஸ்கிரீன் என்ற தேர்வு வரும். துணிக்கு அங்குலத்துக்கு 45 முதல் 55 வரிசைப் புள்ளிகள் போதும், கோணம் 22.5 டிகிரி என்று வையுங்கள். அந்தக் கோணம் வலையின் இழைகளோடு மோதித் தேவையில்லாத அலைக்கோலம் விழுவதைக் குறைக்கும். புள்ளி பிடிக்காவிட்டால் கோடுகளாலும் செய்யலாம். நிலவிலிருந்து விலகும் மெல்லிய வளையங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கறுப்பு கூடிக்கொண்டே போகட்டும். எனக்கு இந்தக் கோட்டு வழி இன்னும் பிடிக்கும். அதில் வரைந்தவரின் கை தெரியும்.

துணியின் நிறத்தையும் உங்கள் வண்ணங்களில் ஒன்றாக எண்ணுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடும் விஷயம் இதுதான். கப்பலின் நிழல், நீரின் ஆழம், நிலவின் பள்ளங்கள் எல்லாமே கறுப்பு என்றால், அங்கே கறுப்பு மை எதற்கு? அந்த இடத்தைத் திறந்து விடுங்கள், துணியே நிழலாகிவிடும். ஒரு ஸ்கிரீன் மிச்சம்; மையின் பரப்பும் குறையும். நெஞ்சு முழுக்க ஒரே பாளமாக மை இருந்தால் காற்றுப் புகாது, வேர்க்கும், கொஞ்ச நாளில் விறைப்புத் தட்டும். அப்படிப்பட்ட சட்டையை யாரும் இரண்டாவது முறை ஆசையாக எடுத்து உடுத்த மாட்டார்கள். நீலமும் வெள்ளையும் இருக்கிறதென்றால் வெளிர்நீலத்துக்குத் தனி மை வேண்டாம், வெள்ளையின் மேல் நீலப் புள்ளிகள் போதும். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால், உங்கள் படம் மூன்று மையில் நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் ஆகும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். 12 அங்குல அகலம், 16 அங்குல உயரம் என்றால் 3600-க்கு 4800. சின்னதாக வரைந்து பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் பயனில்லை. கோடு 1 பாயின்டுக்கு, அதாவது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்குக்கு, குறைய வேண்டாம். மைக்கு நடுவே வெட்டிவிட்ட கோடு என்றால் அதைவிடத் தடிமனாக வையுங்கள், ஏனென்றால் மை பரவி அந்த இடைவெளியை அடைத்துவிடும். இன்னொன்று, பெரும்பாலும் எல்லா சைஸுக்கும் ஒரே ஸ்கிரீன்தான். பெரிய சட்டையில் கச்சிதமாகத் தெரியும் 15 அங்குல டிசைன் சின்ன சைஸில் அக்குள்வரை போய்விடும். உடுத்துபவரின் மார்பு மட்டத்தில் இரண்டு வட்டங்களோ இரண்டு கைகளோ சரிசமமாக வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான ஃபைலில் இது கண்ணில் படாது, ஆள் உடுத்தியதும் பளிச்சென்று தெரியும்.

சரி, குழுவுக்கு வருவோம்.

இந்த வகைக் குழுக்களுக்கு வழிகாட்டியான த்ரெட்லெஸ், 2000-ஆம் ஆண்டில் ஜேக் நிக்கல், ஜேக்கப் டிஹார்ட் என்ற இருவர் சிகாகோவில் தொடங்கியது. டிசைனர்கள் கூடிப் பேசிய ஓர் இணையத் தளத்தில் நடந்த டீ-ஷர்ட் போட்டிதான் அதன் விதை. தொடக்கத்தில் உறுப்பினர்கள் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். நன்றாக வந்தவற்றிலிருந்து நிறுவனம் தேர்ந்தெடுத்து அச்சிட்டது. பின்னால் வந்த பல தளங்கள் இதே வழியில் நடந்தன. 2008-இல் வந்த டீஃப்யூரி, ஒரு டிசைனை 24 மணி நேரம் மட்டும் விற்றது. 2006-இல் மெல்பர்னில் தொடங்கிய ரெட்பபிள் போன்றவற்றில் போட்டியே கிடையாது; நீங்களே கடை போட்டுக்கொள்ளலாம், ஆர்டர் வந்த பிறகு அச்சடிப்பார்கள். நீங்கள் சேர்ந்திருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். போட்டி என்றால் கருத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் அங்கே எடை உண்டு. திறந்த கடை என்றால் உங்களை யாரும் திருத்த மாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உங்களுக்குக் கருத்து வராததற்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, முடிந்த படத்தைக் கொண்டுவந்து வைத்தீர்கள். எல்லாம் முடிந்துபோன ஒன்றில் என்ன சொல்ல என்று பார்ப்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அடுத்த முறை பென்சில் கட்டத்திலேயே வையுங்கள், கேள்வியையும் குறிப்பாகக் கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்றால் "சூப்பர்" என்றுதான் வரும். "கப்பல் காகிதம் என்று ஒரு பார்வையில் தெரிகிறதா? நிலவை இடப்பக்கம் தள்ளினால் நன்றாக இருக்குமா?" என்று கேளுங்கள், நிஜமான பதில் வரும்.

இன்னொரு காரணம், நீங்கள் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரே மருந்து, மற்றவர்களின் வேலையைப் பார்த்துக் கருத்து எழுதுவது. இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் கண் பழகுவதே அங்கேதான். "ஏதோ குறைகிறது" என்று எழுதாதீர்கள். "நரியின் வாலும் பின்னால் இருக்கும் இலையும் ஒரே ஆரஞ்சு, அதனால் வால் தொலைந்துபோகிறது. இலையை ஒரு படி இருட்டாக்கினால் வால் முன்னால் வரும்" என்று எழுதுங்கள். எங்கே, ஏன், என்ன செய்யலாம் மூன்றும் அதில் இருக்கிறது. அப்படி எழுதினால் அந்தப் படத்தை வரைந்தவர் உங்கள் பக்கத்தைக் கட்டாயம் வந்து பார்ப்பார். வேலையில் பிடித்தது ஏதாவது இருந்தால் அதையும் இதே துல்லியத்தோடு சொல்லுங்கள். நன்றாக வந்த இடம் எது என்று தெரிவதும் ஒரு கலைஞருக்குப் பெரிய உதவி.

கருத்து வாங்கும்போது ஒரு பக்குவம் வேண்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது, அதை நம்புங்கள். ஆனால் மூவரும் சொல்லும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "நட்சத்திரம் சேருங்கள்" என்று ஒருவர் சொன்னால், மேல்பாதி வெறுமையாகப் படுகிறது என்றுதான் பொருள். நிலவைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே அது தீர்ந்துவிடலாம். விளக்கம் சொல்லி வாதாடாதீர்கள். சட்டையை உடுத்துகிறவர் பின்னாலேயே போய் நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது. திருத்திய பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருத்துச் சொன்னவர்களுக்குக் காட்டுங்கள். தான் சொன்னது பயன்பட்டது என்று பார்த்தவர் அடுத்த முறையும் நேரம் ஒதுக்கி எழுதுவார்.

நண்பர்களை ஓட்டுப் போடச் சொல்லலாமா என்றால், டிசைனைப் பகிர்வதில் தவறில்லை. "பாருங்கள், பிடித்தால் ஓட்டுப் போடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கணக்குத் தொடங்க வைத்து முழு மதிப்பெண் போடச் சொல்வதைப் பல தளங்கள் விதியை மீறியதாகவே எடுத்துக்கொள்ளும். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படத்தை முதல் பார்வையில் எப்படி எடுத்துக்கொண்டார் என்ற விலைமதிப்பில்லாத தகவலை நீங்களே கலைத்துவிடுகிறீர்கள் என்பதுதான். ஓட்டுப் போடுகிறவர் முதலில் பார்ப்பது கட்டைவிரல் அளவுப் படத்தை என்பதையும் மறக்க வேண்டாம். அந்த அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். நிலவும் கப்பலும் அப்போதும் தனித்தனியே தெரிந்தால் போதும்.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். படம் வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் நாடுகளில் அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் "சமர்ப்பி" என்ற பொத்தானை அழுத்தும்போது நீங்கள் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கிறீர்கள். அதில் சிலவற்றைக் கண்டிப்பாகத் தேடிப் படியுங்கள். ஜெயித்தால் மட்டும் உரிமை போகிறதா, அல்லது சமர்ப்பித்த எல்லாப் படங்களுக்கும் போகிறதா? உரிமையையே எழுதிக் கொடுக்கிறீர்களா, அல்லது பயன்படுத்த உரிமம் மட்டும் தருகிறீர்களா? அவர்களுக்கு மட்டும் என்ற தனியுரிமம் என்றால் எத்தனை காலத்துக்கு? சட்டைக்கு மட்டுமா, கோப்பை, பை, சுவரொட்டி எல்லாவற்றுக்குமா? மொத்தமாக ஒரு தொகையா, விற்பனைக்கு ஏற்ற பங்கா. மறுபடி அச்சடித்தால் மறுபடி பணம் உண்டா? தோற்ற படத்துக்கும் உரிமை கேட்கும் போட்டி என்றால் நான் அதில் கலந்துகொள்ள மாட்டேன், உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தவர் உரிமையிலும் கவனம் வேண்டும். இலவசமாக இறக்கிய பல எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கும்; விற்கும் சட்டையில் போடக் கூடாது. பிரபலமான கார்ட்டூன் பாத்திரத்தை வைத்து வரைந்தால் ஓட்டு குவியும், பிறகு ஒரு நாள் புகார் வந்து எடுத்துவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் குழுவின் விதியைப் பார்த்து, வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வேறு யாராவது நிலவும் காகிதக் கப்பலும் வரைந்தால் உடனே திருட்டு என்று பொதுவில் எழுதிவிடாதீர்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த வடிவத்துக்குத்தான் உண்டு. கோடு கோடாக ஒத்துப்போனால் இரண்டு படங்களையும் வைத்து நிர்வாகிக்குத் தனியாக எழுதுங்கள். அதற்காகவே லேயர்களை ஒன்றாக்கிவிடாத மூல ஃபைலையும் ஆரம்பக் கிறுக்கல்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

நாளாக ஆக, "நீ வரை, நான் வண்ணம் பிரிக்கிறேன்" என்று, அதாவது படத்தை மைக்கொரு ஸ்கிரீனாகப் பிரித்துத் தருகிறேன் என்று, குழுவில் யாராவது கூப்பிடுவார்கள். தயங்காமல் போங்கள், பிரிண்ட் வேலையை அதைவிட வேகமாகக் கற்றுத்தரும் இடம் கிடையாது. வேலையைத் தொடங்கும் முன் பணம் எப்படிப் பிரியும், யார் பெயர் முதலில் வரும், போட்டியில் தோற்றால் அந்தப் படத்தை வேறிடத்தில் யார் விற்கலாம் என்ற மூன்றையும் ஒரு செய்தியில் எழுதி இருவரும் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.