ஆறே மாதத்தில் எம்.டிவ். பட்டம்: சேரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு ஸ்தோத்திரம். கடலூர் முதுநகரில் இருக்கிறேன், வயது 34. பி.காம். முடித்துவிட்டு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எங்கள் ஆயர் என்னைப் பேச வைக்கிறார். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற பாரம் மனதில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படிக்க வழியில்லை. அமெரிக்காவிலுள்ள ஒரு ஆன்லைன் செமினரி (இறையியல் கல்லூரி) 40,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் எம்.டிவ். என்ற முதுநிலை இறையியல் பட்டம் தருவதாகச் சொல்கிறது. அதை வைத்து ஆயர் ஆகலாமா? சீட்டு எடுத்த பணத்தை இதில் போடாதீர்கள் என்கிறாள் மனைவி. ஆங்கிலமும் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மனைவி சொல்வது சரி. எம்.டிவ். என்பது பட்டதாரிகள் வழக்கமாக மூன்று வருஷம் முழுநேரமாகப் படிக்கிற படிப்பு. ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒருவருக்கு அதை ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றால், அங்கே பாடம் நடக்கப் போவதில்லை.

ஆன்லைன் படிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயர் பெற்ற செமினரிகளே இன்று அப்படி நடத்துகின்றன. ஆனால் 'அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருந்தால், யாரிடம் பெற்றது என்று கேளுங்கள். அமெரிக்க செமினரிகளை மதிப்பிட ஏ.டி.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது, தொலைநிலைக் கல்விக்கு டி.இ.ஏ.சி. இருக்கிறது. எந்தெந்த அமைப்பு செல்லும் என்ற பட்டியலை அந்நாட்டுக் கல்வித் துறை இணையத்திலேயே வைத்திருக்கிறது. தாங்களே ஒரு சங்கம் ஆரம்பித்துத் தங்களுக்கே அங்கீகாரம் கொடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. புளோரிடா போன்ற மாநிலங்களில் சமயப் பட்டம் மட்டும் தருகிற நிறுவனத்துக்கு அரசு உரிமமே தேவையில்லை; அதனால் 'சட்டப்படி நடக்கிறது' என்ற வரியை நம்பிவிடாதீர்கள்.

ஆயர் ஆவது வேறு விஷயம். சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் முதலில் திருச்சபை உங்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். பிறகு அவர்களே மேற்கு வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியோடு இணைந்த ஒரு இறையியல் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்கே படிக்கிற பி.டி. என்ற இறையியல் பட்டம் பட்டதாரிக்கு நான்கு வருஷம். செராம்பூர் கல்லூரி, கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனரிகள் 1818-இல் தொடங்கியது. அதற்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை 1827-இல் டென்மார்க் அரசர் சாசனமாகக் கொடுத்தார். டேனிஷ் மிஷனரிகள் வளர்த்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை உங்கள் ஊரில்தானே இருக்கிறது, அங்குள்ள பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். சுயாதீன சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் வழிமுறை வேறு. ஆனால் அங்கேயும் உங்கள் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர்தான் தலையில் கை வைத்து ஊழியத்துக்கு ஏற்படுத்துவார். கணினியில் வரும் சான்றிதழை மட்டும் பார்த்துப் பொறுப்புள்ள எந்தச் சபையும் ஒருவரை ஆயராக ஏற்றுக்கொள்ளாது, ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

வேலையை விடாமல் படிக்க நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. ஊழியத்தில் ஆர்வமுள்ள சபையார் வீட்டிலிருந்தே படிக்கிற பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவ இளநிலைப் படிப்பை செராம்பூர் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே இறையியல் படிக்க வைக்கிற பெங்களூரு டாஃப்டி என்ற அமைப்பில் தமிழிலேயே பாடங்கள் உண்டு. அவர்களுடைய முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் பாடப்புத்தகத்தைப் படித்து விடைகளை எழுதிவிட்டு, குழுவாக உட்கார்ந்து வழிகாட்டியோடு பேச வேண்டும். 1963-இல் குவாத்தமாலாவில் பிறந்த யோசனை இது. குடும்பத்தை விட்டுவிட்டு செமினரிக்கு வரமுடியாத கிராமத்து மூப்பர்களிடம் செமினரியே போகட்டும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். உங்கள் நிலைமையும் அதுதான்.

ஆங்கிலத்துக்காகக் கூச்சப்படாதீர்கள். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பி.டி. வரைக்கும் தமிழிலேயே கற்றுக்கொடுக்கிறது. கூட்டத்தில் உங்களைக் கேட்கிற அக்காமார் தமிழில்தானே அழுகிறார்கள், தமிழில்தானே ஜெபிக்கிறார்கள்? இறையியலும் அந்தப் பாஷையில் உங்களுக்குள் இறங்கட்டும். ஆங்கிலம் வாசிக்கிற பழக்கம் பின்னால் வரும்.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் சரி, உங்கள் ஆயரை விட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்துக்கு வயதான ஓர் ஆயரோடு மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் ஈர மணலில் அவனுடைய பள்ளிக்கூடப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். மாணவர்கள் வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி என்ன வசனம் சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஆயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார். பை கிடைக்கவில்லை. பொழுது சாயும்போது அவளே, "ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள். இரண்டு வரிதான் ஜெபித்தார். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவோடு அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்ததை அந்த மாணவர்களுக்கு வகுப்பில் நான் நடத்தியிருந்தேன். அன்றைக்குத்தான் அது அவர்களுக்குப் புரிந்தது. இப்படி ஒருவரோடு கூடவே நடந்து கற்றுக்கொள்வதை எந்த வீடியோ பாடத்திலும் வைக்க முடியாது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 18-ஐ ஒருமுறை வாசியுங்கள். அப்பொல்லோ பேச்சில் வல்லவன், வேதாகமத்திலும் தேறினவன். ஆனாலும் யோவான்ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் மீதியைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், கூடாரம் தைத்துப் பிழைத்த புருஷனும் மனைவியும். அவர்களோடு தங்கி பவுலும் அதே வேலையைச் செய்தான். கைவேலையும் ஊழியமும் சேர்ந்து போகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் மனதைத் திறந்து பேசுங்கள். துக்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள் ஐயா என்று கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பாரத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது. டாஃப்டியானாலும் பி.சி.எஸ். ஆனாலும் சேருமுன், எழுதி அனுப்பும் விடைத்தாள் திருத்தப்பட்டுத் திரும்ப வருமா, கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று விசாரியுங்கள். முதல் கட்டுரையை எழுதியதும் இந்த இதழின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நானும் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.