பாக்கெட்டைத் துழாவினீர்களா?

போன இதழில் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் படித்தால், துணி துவைப்பதைத் தவிர மற்ற எல்லாமே அந்த மெஷினுக்குள் நடக்கிறது என்று தெரிகிறது. நான் மெக்கானிக் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 11 வருஷமாக ஒரே மெஷினை வைத்து ஓட்டிக்கொண்டு, அதைக் கழற்ற வந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து "இது என்ன, அது எதுக்கு" என்று தொணதொணத்துக் கற்றுக்கொண்டவள், அவ்வளவுதான்.

அக்கா, குழந்தைத் துணியோடு ஒரு டயபரும் மெஷினுக்குள் போய்விட்டது. திறந்தால் டிரம் முழுக்க ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஜெல்லி. மாமியார் பார்ப்பதற்குள் சரி செய்துவிடலாம் என்று இன்னொரு முறை ஓட்டினேன், இப்போது முன்பைவிட அதிகமாகிவிட்டது. மெஷின் போச்சா?
— வாசகி, வேளச்சேரி

போகவில்லை. இந்தக் கடிதம் மட்டும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, நான்கு பேரும் அதே இரண்டாவது தடவையை ஓட்டியிருக்கிறீர்கள்!

டயபருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்கிற பொடி. தண்ணீரைக் கண்டால் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு குடித்து உப்பிவிடும். சிறுநீரில் உப்பு இருப்பதால் குழந்தையின் இடுப்பில் இருக்கும்போது அது அளவாகத்தான் உப்பும். மெஷினில் விழுவதோ வெறும் தண்ணீர், அதனால் அங்கே போய்த்தான் தன் முழு வீரத்தையும் காட்டுகிறது. நீங்கள் மறுபடி தண்ணீர் விட்டது அதற்கு விருந்து வைத்த மாதிரி.

முதலில் துணிகளை எடுத்து அப்படியே, அலசாமல், மொட்டை மாடியில் காயப் போடுங்கள். காய்ந்ததும் ஜெல்லி சுருங்கி நொய்யரிசி மாதிரி ஆகிவிடும், உதறினால் கொட்டும். ஈரத்தோடு தேய்த்து எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே ஏறும். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து அதில் துணியை அலசுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அந்த ஜெல்லி வைத்திருக்கும் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சப்பிப்போகும். உப்பை டிரம்முக்குள் கொட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. டிரம்மைப் பின்னால் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு, அதற்கு உப்பு ஆகாது. வேலையை வாளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டிரம்மில் ஒட்டியிருப்பதைக் கையால் வழித்துக் குப்பையில் போடுங்கள், பாத்ரூம் சாக்கடையில் தள்ளாதீர்கள், அங்கேயும் போய் உப்பும். அப்புறம் கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கீழ்ப்பக்க மடிப்பில் ஒரு குழிக்கரண்டி அளவாவது தேங்கியிருக்கும். பழைய பனியன் துணியைச் சுற்றிய விரலால் வழித்தெடுங்கள். கடைசியாகக் கீழே இருக்கும் பில்டர், அதை எப்படித் திறப்பது என்று அடுத்த பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் துணி போடாமல் வெறும் ரின்ஸ், ஸ்பின் ஒரு தடவை. திரும்பப் பில்டரைத் திறந்து பாருங்கள். இன்னும் ஜெல்லி வந்தால் இன்னொரு தடவை.

மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். அவரும் ஒரு நாள் தெரியாமல் டயபரை மெஷினில் போடத்தான் போகிறார்.

மூன்று பேர் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். மெஷின் பாதியில் நின்று, உள்ளே தண்ணீர் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. சர்வீசுக்குச் சொன்னால் பம்ப் மாற்ற வேண்டும் என்று போனிலேயே சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், தாம்பரம்

தம்பி, போனில் பார்த்தே பம்ப் மாற்றச் சொல்கிறவர் பெரிய ஞானிதான். பணத்தை எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மெஷினின் முன்பக்கத்தில், கீழே ஒரு மூலையில், சின்னக் கதவு ஒன்று இருக்கும். சில மாடல்களில் கீழ்ப் பட்டியையே கழற்ற வேண்டியிருக்கும். அதற்குள் ஒரு உருண்டை மூடி, அதுதான் பில்டர். பக்கத்தில் பெரும்பாலும் விரல் மொத்தத்தில் ஒரு கறுப்பு டியூப் மடங்கிக் கிடக்கும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. சூடான தண்ணீரில் ஓட்டியிருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். கறுப்பு டியூபை வெளியே இழுத்து அதன் நுனியில் இருக்கும் மூடியை எடுத்தால் தண்ணீர் வரும். தரையோடு தரையாக இருப்பதால் வாளி நுழையாது. எங்கள் வீட்டில் ஆரத்தித் தாம்பாளத்தைத்தான் வைப்பேன். உள்ளே தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள், அதனால் பத்துப் பதினைந்து தாம்பாளம் பிடிக்க வேண்டியிருக்கும், பொறுமையாகப் பிடியுங்கள். டியூபில் தண்ணீர் நின்ற பிறகுதான் பில்டரை இடப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் ஹாலுக்கு வெள்ளம் வரும், எனக்கு வந்திருக்கிறது.

நான் முதல் தடவை திறந்தபோது கிடைத்தவை: இரண்டு ஊக்கு, ஒரு 2 ரூபாய்க் காசு, சேலை முந்தானைக் குஞ்சத்திலிருந்து உதிர்ந்த நூல்கள் தலைமுடியோடு சுற்றிப் பந்தாகி ஒரு கொத்து, அதன் நடுவில் நான் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கம்மல் திருகாணி. அதைத் துடைத்துக் காதில் போட்டுக்கொண்டுதான் மறுவேலை பார்த்தேன். உங்கள் வீட்டில் ஊக்கு இருக்காது. கர்ச்சீப், சாக்ஸ், ஹோட்டல் டிஷ்யூ பேப்பர், சில்லறை, இதில் ஏதாவது ஒன்று நிச்சயம்.

பில்டரை எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் கடைசியில் சின்ன விசிறி தெரியும். ஒரு குச்சியால் அதைத் தள்ளிப் பாருங்கள். விக்கி விக்கித்தான் சுற்றும், உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பயப்பட வேண்டாம். சுத்தமாகச் சுற்றவே மாட்டேன் என்றால் அதில் ஏதோ நூலோ தலைமுடியோ சிக்கியிருக்கிறது, எடுத்துவிடுங்கள். பில்டரைக் கழுவி, இறுக்கமாகத் திருகி, டியூபையும் மூடிவிட்டு, பவுடர் போடும் டிரே வழியாக ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகவில்லை என்றால் பிளக்கைச் சொருகி ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். கதவும் திறந்துவிடும், தண்ணீர் உள்ளே இருக்கும்வரை அது திறக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு தண்ணீர் வெளியேறவில்லை, பம்ப் சத்தமும் கேட்கவில்லை என்றால் அப்போது பம்ப் மாற்றுவதைப் பேசலாம்.

டிஷ்யூ பேப்பர் கரைந்து துணியெல்லாம் வெள்ளைத் துகள் என்றால் மறுபடி துவைக்காதீர்கள். காய விட்டு உதறுங்கள்.

துவைத்த துணியில் ஊறப்போட்டு மறந்த துணி வாடை. கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளிகள். கம்போர்ட் இரண்டு மூடி ஊற்றியும் போகவில்லை.
— வாசகி, மதுரை

அந்தக் கம்போர்ட்தான் பாதி காரணம். துணியை வழவழப்பாக்கும் எந்தத் திரவமும் ரப்பரிலும் உள்பக்கச் சுவரிலும் மெழுகு மாதிரி படியும், அதில் பூஞ்சை குடியேறும். மீதிக் காரணம், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்: எப்போதும் பச்சைத் தண்ணீர், எப்போதும் 15 நிமிடக் குயிக் வாஷ், துணியை எடுத்ததும் கதவைப் படாரென்று சாத்திவிடுவது.

கறுப்புப் புள்ளிக்கு, திரவ ப்ளீச்சை நான்கைந்து பங்கு தண்ணீரில் கலந்து, பழைய துணியை அதில் நனைத்து ரப்பர் மடிப்புக்குள் திணித்து அரை மணி நேரம் விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைத்து எடுத்த பிறகு, துணி இல்லாமல் 60 டிகிரியிலோ, டப் கிளீன் என்று இருந்தால் அதிலோ ஒரு தடவை ஓட்டுங்கள். ரொம்பப் பழைய புள்ளி ரப்பருக்குள்ளேயே ஊறியிருக்கும், வாடை போனாலும் கறை போகாது, அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பவுடர் டிரேயை யாரும் வெளியே எடுப்பதில்லை. நடுவில் இருக்கும் கொக்கியை அழுத்திக்கொண்டே இழுத்தால் முழுசாக வந்துவிடும். அது போன பொந்துக்குள் கையை விட்டு மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். என்ன தட்டுப்பட்டது என்று எனக்கு எழுத வேண்டாம். பழைய டூத் பிரஷ் போதும்.

இனிமேல் துவைத்து முடித்ததும் ரப்பரைத் துடைத்துவிட்டுக் கதவை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், டிரம்முக்குள் ஏறி உட்கார்வதில் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஆசை.

போர் தண்ணீர். கறுப்புத் துணியில் வெள்ளைப் பூச்சு, டிரம்மிலும் வெள்ளைப் படிவு. வினிகர் ஊற்றலாமா?
— வாசகர், சேலம்

வாரா வாரம் வினிகர் ஊற்றினால் ரப்பர் பாழாகலாம். கடையில் சிட்ரிக் ஆசிட் தூள் கிடைக்கும். துணி இல்லாமல் 100 கிராம் டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள், அப்புறம் ஒரு ரின்ஸ். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் இதைப் பற்றி ஏதாவது தடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே மதுரை வாசகிக்குச் சொன்ன ப்ளீச்சையும் இந்த ஆசிட்டையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். வினிகரும் ப்ளீச்சும் சேர்ந்தாலும் அதே கதைதான்.

பின்பக்கம் குழாயிலிருந்து வரும் பைப்பைக் கழற்றினால் மெஷின் பக்கத்து வாயில் சின்ன வலை இருக்கும். போர் தண்ணீர் மணல் எல்லாம் அங்கேதான் நிற்கும். குழாயை மூடிவிட்டு, வலையைக் குறடால் மெல்ல இழுத்துக் கழுவிப் போடுங்கள்.

புதுச் சிவப்புச் சுங்குடிச் சேலையைத் தெரியாமல் வேட்டிகளோடு போட்டுவிட்டேன். எட்டு முழ வேட்டி நான்கும் ரோஸ். வெயிலில் காயப்போட்டால் வெளுக்குமா?
— வாசகி, திண்டுக்கல்

காயவே விடாதீர்கள், காய்ந்தால் சாயம் பிடித்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே, ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கும் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். பட்டுக்கரை போட்ட வேட்டியைச் சேர்க்காதீர்கள். மெஷினை வெறுமனே ஒரு தடவை ஓட்டிவிட்டு, அடுத்ததாக ஒரு பழைய வெள்ளைத் துணியை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். அது வெள்ளையாகவே வந்தால் மற்றதைப் போடலாம். சுங்குடியை இனி எப்போதும் தனியாகக் கையில்தான்.

நலங்குக்குக் கட்டிய சேலையில் மஞ்சள் பட்டிருந்தது. மெஷினில் போட்டதும் அந்த இடம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மெஷினில் வேறு சாயம் இருந்திருக்குமோ?
— வாசகி, கும்பகோணம்

மெஷின் மேல் பழி போடாதீர்கள். மஞ்சளோடு சோப்பின் காரம் சேர்ந்தால் சிவப்பாகும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிறோமே, அதே வித்தைதான். நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசினால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். அந்த மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், பருத்திச் சேலை என்றால் இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பட்டு என்றால் வெயிலும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், டிரை கிளீனரிடம் கொடுங்கள்.

நுரை டிரே வழியாகப் பொங்கி வெளியே வருகிறது. மெஷின் நின்று நின்று ஓடுகிறது.
— வாசகர், திருச்சி

வாளியில் துவைக்கிற பவுடரைப் போடுகிறீர்கள். இந்த வகை மெஷின் மொத்தமாகவே 50, 60 லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடும். துணி மேலே போய்த் தொப்பென்று விழுந்து அடிபடுவதில்தான் அழுக்கு போகிறது. நுரை மெத்தை மாதிரி நடுவில் இருந்தால் எங்கே அடிபடும்? ஃப்ரண்ட் லோடு என்று போட்டிருக்கும் பவுடரையோ லிக்விடையோ வாங்குங்கள், அதிலும் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியில் ஆரம்பித்துப் பாருங்கள். இப்போது உள்ளே இருக்கும் நுரைக்கு, துணியை எடுத்துவிட்டு ரின்ஸ் மட்டும் இரண்டு தடவை ஓட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அந்த ஐந்து கிலோ பவுடரை மிதியடி, கார் துடைக்கும் துணி எல்லாவற்றுக்கும் வாளியில் போட்டுத் தீர்த்துவிடலாம்.