ஓங்கில் வந்தால் ஹேமர் நிற்குமா?

கரையோரத்தில் கட்டுமான வேலை நடக்கும்போது ஓங்கில் (டால்பின்), திமிங்கலம், ஆவுளியா (கடற்பசு) இவற்றுக்கெல்லாம் என்ன ஆகிறது? வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஜெட்டி (படகு, கப்பல் அணையும் மேடை), துறைமுக வேலைகளில் 31 வருஷம் பைலிங் (கடலடியில் தூண் இறக்கும் வேலை) ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது உவரிக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறார்.

கேள்வி: எங்கள் ஊரில் தூண்டில் வளைவுக்குக் கல் கொட்ட ஆரம்பித்ததிலிருந்து கரைப்பக்கம் ஓங்கிலையே காணோம். கல் விழுகிற சத்தத்தில் ஓடிவிட்டதா? அடுத்து ஜெட்டியும் வரும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
(மீனவர் ஒருவரின் மனைவி, ராதாபுரம் தாலுகா)

தாயி, இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தூண்டில் வளைவு என்பது அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல்மேல் கல் அடுக்குவது. டிப்பர் பின்பக்கமாக வந்து கவிழ்க்கும், ஹிட்டாச்சி எடுத்துப் பொருத்தும். சத்தம் உண்டுதான், ஆனால் ஓங்கிலின் காதைக் கெடுக்கிற சத்தம் இல்லை. அங்கே தொந்தரவு வேறு. தண்ணீர் கலங்கும், ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் அரிக்கும், கரையை ஒட்டி வந்த சாளையும் நெத்திலியும் இடம் மாறும். இரை போன இடத்துக்கு ஓங்கில் போகும். உங்கள் ஊரில் நடந்தது அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஜெட்டி என்றால் கதையே வேறு. பைல் என்கிற இரும்புக் குழாயைக் கடலடித் தரையில் நிறுத்தி, மேலிருந்து டன் கணக்கில் எடையுள்ள ஹேமரால் அடித்து இறக்குவார்கள். ஒவ்வொரு அடிக்கும் குழாய் முழுவதும் அதிரும். அந்த அதிர்வு தண்ணீரிலும் போகும், தரைக்குள்ளும் போகும்.

எங்கள் அப்பா கட்டுமரத்தில் போனவர். துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்து, மீன் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை எனக்கு ஷிஃப்ட் இல்லாத காலை, சைட் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோடு வெலங்க (கரையை விட்டு வெளியே) மூன்று கிலோமீட்டர் போனேன். அப்பா செய்தது ஞாபகம் வந்து நானும் துடுப்பை இறக்கி வலது காதை வைத்தேன். (இடது காது ஹேமருக்குக் கொடுத்தது; அந்தக் காலத்தில் காதுக்கு அடைப்பான் கேட்டால் சிரிப்பார்கள்.) அன்றைய முதல் அடி துடுப்பு வழியாக மண்டைக்குள் இறங்கியது. காதை எடுத்துவிட்டு எண்ணினேன். ஆறு, ஏழு எண்ணிய பிறகுதான் அதே அடி காற்றில் ‘டொக்’ என்று, யாரோ தேங்காய் உடைத்த மாதிரி வந்தது. தண்ணீரில் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும், காற்றில் 340 மீட்டர்தான். வேகத்தைவிட எனக்கு உறைத்தது வேறு: மூன்று கிலோமீட்டர் தள்ளியும் தண்ணீருக்குள் அது தேங்காய் உடைக்கிற சத்தம் இல்லை.

ஓங்கிலுக்குக் கண்ணைவிடக் காதுதான் பெரிது. சத்தம் எழுப்பி, அது பட்டுத் திரும்புகிற எதிரொலியை வைத்துத்தான் இரை தேடும், வழி பார்க்கும். கூன் முதுகு ஓங்கில் போன்றவை ஆழமில்லாத கரைக்கடலிலேயே வாழ்க்கை நடத்துபவை. நாம் ஜெட்டி கட்டுவதும் அதே இடத்தில்.

கேள்வி: 2016-ல் மணப்பாடு பக்கம் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியதற்கும் கடலில் நடக்கும் கட்டுமானம்தானே காரணம்?
(ஆசிரியை, திசையன்விளை)

டீச்சர், அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் ஒதுங்கியவை எண்பதுக்கும் மேல். நாற்பதுக்கும் அதிகமானவை செத்தன. சிறு துடுப்புப் பைலட் திமிங்கலம் என்கிற வகை. இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. ஆனால் 1973 ஜனவரியிலும் இதே கடற்கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன. குடும்பமாகவே திரியும் இனம் அது. ஒன்று நோய்ப்பட்டோ வழிதப்பியோ கரைக்கு வந்தால் மற்றவை விட்டுவிட்டுப் போகாது. உலகத்தில் பல கரைகளில், ஹேமர் என்று ஒன்று வருவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது.

செத்த திமிங்கலத்தையெல்லாம் நம் கணக்கில் எழுதினால், உண்மையாகவே நாம் செய்கிற கெடுதலைச் சொல்லும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பைலிங்கால் பெரும்பாலும் பிணம் ஒதுங்காது. இடம் விட்டுப் போகும், இரை தேடுவது கெடும், தாயும் கன்றும் கூப்பிட்டுக்கொள்வது ஒன்றுக்கொன்று கேட்காது, மிகப் பக்கத்தில் இருந்தால் என் இடது காது மாதிரி ஆகிவிடும். இதில் எதுவும் பேப்பரில் போட்டோவாக வராது.

ஏதாவது உயிரோடு ஒதுங்கினால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஈரத்துணி போர்த்தலாம், தலைமேல் உள்ள மூச்சுத்துளையை மூடக் கூடாது, அதற்குள் தண்ணீரும் மணலும் போகக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்குங்கள். செல்ஃபிக்காரர்களை முதலில்.

கேள்வி: தண்ணீருக்குள் போகும் சத்தத்தைக் குறைக்கவே முடியாதா? 180 டெசிபல் என்று படித்தேன். ஜெட் விமானத்தைவிட அதிகமாமே?
(சிவில் மாணவர், பாளையங்கோட்டை)

அந்த ஜெட் விமானத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் டெசிபலுக்கு அடிப்படை அளவு வேறு, காற்று டெசிபலுக்கு வேறு. தண்ணீர் அளவிலிருந்து ஏறக்குறைய 62 கழித்தால்தான் காற்றுக் கணக்குக்கு வரும்.

குறைக்க முடியும். முதலில், அடிக்கவே வேண்டுமா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டு ஜெட்டி வேலைகள் பலவற்றில் லைனரை (வெளிக்குழாயை) வைப்ரோ ஹேமரால் அதிரவைத்து இறக்கி, உள்ளே துளைபோட்டுக் கம்பிக்கூட்டை விட்டுக் கான்கிரீட் வார்ப்பார்கள். வைப்ரோவிலும் சத்தம் உண்டு, விடாமல் இரையும். ஆனால் அடி மாதிரி ‘ணங்’ என்று உச்சம் எடுக்காது. அடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் குமிழித்திரை இருக்கிறது. பைலைச் சுற்றித் தரையில் துளைபோட்ட குழாயைப் படுக்கவைத்து, கம்ப்ரஸரால் காற்றை விடுவது. பைலைச் சுற்றிக் குமிழி சுவராக எழும், சத்தம் அதில் பட்டு மங்கும். 10 டெசிபல் குறைந்தால் சத்தத்தின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஜெர்மனியில் காற்றாலை நடும்போது 750 மீட்டர் தள்ளி, ஒரு அடியின் சத்த அளவு 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்து இதைச் செய்கிறார்கள். நீவாடு (நீரோட்டம்) இழுக்கிற இடத்தில் குமிழி சாய்ந்து ஓடிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கடலில் அதைப் பார்க்காமல் குழாயைப் போட்டால் கம்ப்ரஸருக்கு டீசல்தான் தண்டம்.

கேள்வி: ஆவுளியா நம் பக்கத்திலும் உண்டா?
(வாசகர், திருநெல்வேலி டவுன்)

அது கடற்புல் மேய்கிற பிராணி. புல் இருக்கிற பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கமும்தான் அதற்கு வீடு. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். அதற்குச் சத்தத்தோடு கலங்கலும் எமன். தூர்வாரிய சேறு புல்மேல் படிந்தால் வெயில் இறங்காது, புல் சாகும், ஆவுளியா பட்டினி.

கேள்வி: ஒரு நாள் வேலை நின்றால் பார்ஜ் வாடகை, கிரேன் வாடகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். எங்கேயோ ஒரு மீன் தெரிந்தது என்று நிறுத்துவது நடக்கிற காரியமா?
(சைட் இன்ஜினீயர், வள்ளியூர்)

தம்பி, முதலில் அது மீன் இல்லை. மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டிய பிராணி. அதனால்தான் நம் கண்ணில் படுகிறது. ஓங்கில், திமிங்கலம், ஆவுளியா எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பவை. புலி இருக்கிற பட்டியல்.

அப்புறம், ஒரு நாள் யார் கேட்டது? பிரிட்டனில் பைலிங்குக்கு வைத்திருக்கிற முறையைப் பாருங்கள். அடி தொடங்குமுன் 30 நிமிஷம் சுற்றிலும் 500 மீட்டரைப் பார்க்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் அது போய் 20 நிமிஷம் ஆகும்வரை தொடங்கக் கூடாது. தொடங்கும்போது சின்ன அடியாக ஆரம்பித்து, குறைந்தது 20 நிமிஷம் கழித்துத்தான் முழு பலத்துக்கு வரவேண்டும். பக்கத்தில் கண்ணுக்குத் தப்பிய ஒன்று இருந்தால் அது விலகிப் போக அவகாசம். நடுவில் 10 நிமிஷத்துக்குமேல் நின்றால் மறுபடி முதலிலிருந்து. இருட்டில் புதிதாகத் தொடங்குவதைத் தவிர்க்க வேண்டும். பைலை நிமிர்த்தித் தூக்குக்குண்டு பார்க்கிற நேரத்திலேயே பாதிப் பார்வை முடிந்துவிடும். நான் ஃபோர்மேன், நேரக்கணக்கு எனக்குச் சொல்ல வேண்டாம்.

நடக்காமல் போவது பணத்தால் இல்லை. எதனால் என்று சொல்கிறேன்.

ஒரு சைட்டில் கடல் பிராணிகளைக் கவனிக்கப் பார்வையாளர் வைக்க வேண்டும் என்று அனுமதியில் எழுதியிருந்தது. விலங்கியல் படித்த பையனைப் போட்டார்கள். 22 வயசு இருக்கும். ஒரு பைனாகுலர், ஒரு ரெஜிஸ்டர். வாக்கிடாக்கி இல்லை. நாற்காலி போட்ட இடம் ஆபீஸ் கன்டெய்னர் நிழலில். அங்கிருந்து பாதிக் கடல்தான் தெரியும். ஒருநாள் பைல் முக்கால் பாகம் இறங்கியிருக்கிறது. பையன் நடைமேடை முழுக்க ஓடிவருகிறான். “அண்ணாச்சி, நிப்பாட்டுங்க, குட்டியோட நிக்குது!” இன்ஜினீயர் கையை ஆட்டினார்: “இந்தப் பைல மட்டும் முடிச்சிரலாம். நிறுத்துனா மண்ணு புடிச்சிக்கிடும்.” களிமண்ணில் அது உண்மை, நின்ற பைல் இறுகிக்கொள்ளும். அங்கே இருந்தது மணல். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையன் என்னைப் பார்த்துத் திரும்பவும் கத்தினான். நான் இடது காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.

அவன் நின்றது என் வலது பக்கம்.

நாற்பது நிமிஷம் அடித்தோம். ஹேமர் நின்றபோது கடலில் ஒன்றும் இல்லை. அன்றைய ரெஜிஸ்டரில் ‘எதுவும் தென்படவில்லை’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதினான். மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

ஆகவே பார்க்கிறவர் கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்குகிற பையனாக இருந்தால் பலன் இல்லை. அவர் “நிறுத்து” என்றால் யாரையும் கேட்காமல் ஹேமர் நிற்க வேண்டும், அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கூடவே உள்ளூர் மீனவர் ஒருவர். படித்தவர் இனம் சொல்வார், இவர் “அந்தா” என்று காட்டுவார். இன்னொன்று: நம் கடலில் சூரியன் கடல்மேல் உதிக்கிறது. காலையில் கரையிலிருந்து பார்த்தால் தகதகப்பில் துடுப்பும் தெரியாது, முதுகும் தெரியாது. வெயில் ஏறும்வரை பார்வைப் படகு வெளிப்பக்கம், சூரியன் முதுகில் படும்படி நிற்க வேண்டும். கச்சான் (மேற்குக் காற்று) அடித்து அலை வெள்ளையாக முறிகிற நாளில் பார்த்துப் பயனில்லை. அன்றைக்கு பார்ஜும் ஆடும், நீங்களே நிறுத்துவீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது. நாங்கள் என்ன கேட்பது?
(ஊர்க் கமிட்டி உறுப்பினர், கடற்கரைக் கிராமம்)

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கலெக்டர் ஆபீசில் இருக்கும். வாங்கி, ‘கடல் பாலூட்டிகள்’ என்கிற பகுதியைத் தேடுங்கள். பக்கத்து மாவட்ட அறிக்கையில் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தால் ஊர்ப்பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் ஆட்கள் எந்த மாதம், எத்தனை பாக ஆழத் தண்ணீரில், கன்றோடு பார்த்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, கூட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சத்தம் போட்டுவிட்டு வெளியேறினால் நோட்டு உள்ளே போகாது.

பிறகு கேளுங்கள்: பைல் அடிப்பதா, துளைப்பதா? எந்த மாதங்களில்? ஹேமரை நிறுத்தச் சொல்கிறவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார், அவருடைய போன் நம்பர் எங்கள் படகுகளில் இருக்குமா? அனுமதி கிடைத்த பிறகு, நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அறிக்கையை அவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும் கொடுத்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா நாளும் ‘எதுவும் தென்படவில்லை’ என்று இருந்தால், உங்கள் நோட்டை அதற்குப் பக்கத்தில் வையுங்கள்.