கன்ட்ரோலரிடம் பேசிக்கொண்டுதான் பறக்கிறேன், டி.எஃப்.ஆர்-க்குள் நுழைந்துவிட்டால் அது யார் பொறுப்பு?

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. ஃப்ளைட் ஃபாலோயிங் (கன்ட்ரோலர் ரேடாரில் நம்மைக் கவனித்துவரும் சேவை) வாங்கிக்கொண்டு வி.எஃப்.ஆர்-இல், அதாவது கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி பறக்கும்போது, வழியில் தற்காலிகத் தடை வான்பகுதி, அதாவது டி.எஃப்.ஆர், இருந்தால் கன்ட்ரோலரே சொல்லித் திருப்பிவிடுவார்தானே என்கிறார்.

பெரும்பாலும் சொல்வார்கள். நானும் கேட்டிருக்கிறேன், பக்கத்தில் போகும் யாரையாவது கூப்பிட்டு "முன்னால் டி.எஃப்.ஆர் இருக்கிறது, தெரியும்தானே" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பார்கள். ஆனால் சொல்லவில்லை என்றால் மாட்டுவது நீங்கள்தான், அவர் இல்லை. விமானத்துக்கு முழுப் பொறுப்பு பைலட் இன் கமாண்ட், அதாவது அதை ஓட்டும் தலைமை விமானி என்று அமெரிக்க விமான விதி 91.3 சொல்கிறது, கிளம்பும் முன் கிடைக்கக்கூடிய தகவல் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும் என்று 91.103 சொல்கிறது. ஃப்ளைட் ஃபாலோயிங் என்பது கன்ட்ரோலருக்கு வேலைப்பளு இடம்கொடுத்தால் செய்யும் கூடுதல் உதவி. விமானங்கள் மோதாமல் பிரித்து வைப்பதுதான் அவருடைய முதல் வேலை, மழைமேகத்தைச் சுற்றிவரும் பத்து பெரிய விமானங்கள் அவர் கையில் இருக்கும் நேரத்தில் உங்கள் செஸ்னா எந்த வட்டத்தின் ஓரத்தை உரசுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார் என எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பயிற்சியில் நாம் அதிகம் பழகுவது விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கிளாஸ் சி, கிளாஸ் டி வான்பகுதிகள். அங்கே கன்ட்ரோலர் நம் கால்சைனைச் சொல்லிப் பதில் பேசிவிட்டாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு, உள்ளே போகலாம். பேச்சே அனுமதி என்று மனதில் பதிந்துவிடுகிறது. மிகப் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கிளாஸ் பி-யில் அப்படி இல்லை, தெளிவாக கிளியரன்ஸ் காதில் விழ வேண்டும். டி.எஃப்.ஆர்-ஐயும் அந்த மனநிலையோடு அணுகுவதுதான் நல்லது.

அதிபர் வரும்போது போடுவதை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 30 கடல் மைல் ஆரத்தில் வெளிவட்டம், 10 கடல் மைலில் உள்வட்டம், உயரம் 18,000 அடிக்குச் சற்றுக் கீழே வரை. உள்வட்டத்துக்குள் நம்மைப் போன்றவர்கள் போகவே முடியாது. வெளிவட்டத்தில் போகலாம், ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: தாக்கல் செய்த ஃப்ளைட் பிளான், ஏ.டி.சி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கொடுத்த தனி ஸ்குவாக் கோடு (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்ட டிரான்ஸ்பாண்டர் கருவியில் போடும் எண்), விடாத ரேடியோ தொடர்பு. அங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்றால் சக்கரம் தரையை விடும் முன்பே அந்தக் கோடு டிரான்ஸ்பாண்டரில் இருக்க வேண்டும். அங்கே சுற்றிக்கொண்டிருப்பது, பயிற்சிப் பறத்தல் எல்லாம் கிடையாது. இன்னொன்று, வி.எஃப்.ஆர் ஃப்ளைட் பிளான் போவது ஃப்ளைட் சர்வீஸ் என்ற தனி அமைப்புக்கு. ஃப்ளைட் ஃபாலோயிங் கேட்பது கன்ட்ரோலரிடம். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக ஆகாது, பலர் வழுக்குவது இங்கேதான்.

உண்மையான ஆபத்து எனக்குத் தெரிந்தவரை ஒரு கன்ட்ரோலரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் நேரத்தில்தான். வட்டத்தின் ஓரத்தில் பறந்துகொண்டிருப்பீர்கள், கன்ட்ரோலர் பழக்கதோஷத்தில் "ரேடார் சர்வீஸ் முடிந்தது, ஸ்குவாக் வி.எஃப்.ஆர்" என்று விட்டுவிடுவார். நீங்களும் பழக்கதோஷத்தில் வி.எஃப்.ஆர்-க்கான பொதுக் கோடான 1200-ஐப் போட்டுவிட்டால் அந்த நொடியிலிருந்து கோடும் இல்லை, தொடர்பும் இல்லை. எனக்கு அப்படி ஒருமுறை வந்தபோது, "டி.எஃப்.ஆர் பக்கத்தில் இருக்கிறேன், இதே ஸ்குவாக் கோடை வைத்துக்கொள்ளலாமா, அடுத்த கன்ட்ரோலரிடம் கொடுக்க முடியுமா" என்று கேட்டேன். ஒரு விநாடி மௌனம், அப்புறம் அடுத்த அலைவரிசையைக் கொடுத்தார். கேட்டால் கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் விசாரணையில் டேப் ஓட விருப்பமில்லை. உள்ளே போகலாமா என்பதையும் இதே மாதிரி நேராகவே கேளுங்கள், டி.எஃப்.ஆர் என்ற பெயரைச் சொல்லி.

டி.எஃப்.ஆர் விவரம் வரும் நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான அறிவிப்பு) படிக்கும்போது நேரத்தைக் கவனியுங்கள், எல்லாம் ஜூலு நேரம், அதாவது யு.டி.சி. நியூயார்க்கில் கோடைக்கால சனிக்கிழமை இரவு எட்டரை மணி என்றால் நோட்டத்தில் அது ஞாயிறு 0030. சனிக்கிழமை ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கிளம்பினால் கதை முடிந்தது. அதிபரின் பயணத்திட்டம் மாறினால் நோட்டமும் மாறும், அதனால் முந்தின இரவு பார்த்தது போதாது, கிளம்பும் முன் இன்னொரு தடவை பாருங்கள். காக்பிட்டில் ஏ.டி.எஸ்-பி என்ற தரவு ஒளிபரப்பு வழியாக டேப்லெட்டில் வரும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஸ்டேடியம் டி.எஃப்.ஆர் வேறு ரகம். 30,000 பேரோ அதற்கு மேலோ உட்காரும் மைதானத்தில் என்.எஃப்.எல் (அமெரிக்கக் கால்பந்து), மேஜர் லீக் பேஸ்பால் மாதிரி ஆட்டம் நடந்தால் 3 கடல் மைல் ஆரத்தில், தரையிலிருந்து 3,000 அடி வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை. இன்று இந்த ஊரில் ஆட்டம் என்று தனியாக நோட்டம் வரும் எனக் காத்திருக்காதீர்கள், நிரந்தரமாக இருக்கும் ஒரே நோட்டம்தான், அட்டவணையை நீங்கள்தான் தேட வேண்டும். பேஸ்பாலில் ஆட்டம் இழுத்தால் தடையும் இழுக்கும். இது கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் விதி அப்படி.

மீறினால் என்ன ஆகும்? 2025 ஜூலையில் நியூ ஜெர்சியின் பெட்மின்ஸ்டர் பக்கம் அதிபருக்கான டி.எஃப்.ஆர்-க்குள் நுழைந்த சிறு விமானத்தின் முன்னால் எஃப்-16 போர் விமானம் குறுக்கே பறந்து கவனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. உங்களுக்கு நடந்தால் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லுங்கள், 121.5 என்ற அவசர அலைவரிசையில் பேசுங்கள், சொல்லும் வரை திடீரென்று திரும்பவோ இறங்கவோ வேண்டாம். தரையிறங்கியதும் நாசாவின் ஏ.எஸ்.ஆர்.எஸ் (விமானிகள் தாமாகவே தவறுகளைத் தெரிவிக்கும் திட்டம்) அறிக்கையை 10 நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். தெரியாமல் நடந்த மீறலுக்கு லைசென்ஸ் சஸ்பென்ஷனிலிருந்து அது காப்பாற்றக்கூடும், மீறல் நடந்தது என்ற பதிவு மட்டும் போகாது.