அம்மாவுக்குள் ஒரு குதிரை: சீன எழுத்து பற்றிக் கேள்வி பதில்

சீன எழுத்தைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். 12 வருடமாக இதைப் படித்தும் எழுதியும் வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியை: சீன எழுத்துகள் எல்லாம் படங்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானே?

பாதிகூடச் சரியில்லை, டீச்சர். மரம், மலை, சூரியன், வாய் போன்ற சில எழுத்துகள் படமாகப் பிறந்தவைதான். மரத்தை இரண்டு முறை எழுதினால் தோப்பு, மூன்று முறை எழுதினால் அடர்ந்த காடு. பார்க்க அழகாக இருப்பதால் எல்லோரும் இதையே காட்டுகிறார்கள். ஆனால் இன்று புழங்கும் எழுத்துகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் வேறு வகை. அவற்றில் ஒரு பகுதி பொருளைச் சுட்டும், இன்னொரு பகுதி ஒலியைச் சுட்டும்.

'அம்மா' என்ற எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று யோசித்தால் மண்டை காய்ந்துவிடும். ஓர் உறவும் இல்லை. சீனத்தில் குதிரை 'மா', அம்மாவும் 'மா'. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் வேறு. "இது பெண் சம்பந்தப்பட்ட சொல், ஏறக்குறைய மா என்று ஒலிக்கும்" என்பதுதான் அந்த எழுத்து சொல்லும் சேதி. அதே குதிரைக்குப் பக்கத்தில் பூச்சியைப் போட்டால், எறும்பு என்ற சொல்லின் முதல் எழுத்து. வாயைப் போட்டால், நம் 'வந்தாயா' என்பதில் வரும் 'ஆ' மாதிரி கேள்விக்கான எழுத்து. (நம் பழந்தமிழிலும் குதிரைக்கு 'மா' என்று பெயர் உண்டு. இது தற்செயல்தான், உறவு எதுவும் கிடையாது.)

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் 'ச்சிங்'. அந்த எழுத்து தனியாக நின்றால் பச்சையும் நீலமும் கலந்த நிறம். பக்கத்தில் நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் மேகமில்லாத வானம், இதயம் சேர்ந்தால் உணர்வு, பேச்சு சேர்ந்தால் 'தயவுசெய்து'. எல்லாமே 'ச்சிங்'தான். இந்த ஒரு குடும்பத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

ஒலிப்பகுதி எப்போதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆற்றைக் குறிக்கும் 'ஜியாங்' எழுத்தில் நீருக்குப் பக்கத்தில் இருப்பது 'கோங்'. இன்றைய பெய்ஜிங் பேச்சில் இரண்டும் தூரமாகிவிட்டன. எழுத்து உருவான காலத்தில் நெருக்கமாக இருந்தன. தென் சீனாவின் கான்டனீஸ் மொழி பேசுபவர்கள் வாயில் இன்றும் அந்த நெருக்கம் கேட்கும். எழுத்து அப்படியே நிற்க, பேச்சு நகர்ந்து போயிருக்கிறது.

சென்னையிலிருந்து ஒருவர்: 'நெருக்கடி' என்ற சீனச் சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் சேர்ந்திருக்கிறதாமே? எங்கள் அலுவலகப் பயிற்சியில் சொன்னார்கள்.

மேடைகளில் நெடுங்காலமாகச் சுற்றும் கதை இது, தவறானது. சொல் 'வெய்ஜி'. 'வெய்' ஆபத்து, அது சரி. 'ஜி' தனியாக வாய்ப்பைக் குறிப்பதில்லை. இங்கே அதன் பொருள், காரியம் இப்படியோ அப்படியோ திரும்பும் கட்டம். இன்னோர் எழுத்து கூடச் சேர்ந்து 'ஜிஹுய்' ஆனால்தான் வாய்ப்பு. கைப்பேசியும் விமானமும்கூட 'ஜி' என்றே முடிகின்றன, அங்கே அது இயந்திரம். அந்தப் பயிற்சியாளரின் கணக்குப்படி கைப்பேசியைக் 'கை வாய்ப்பு' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இதே மாதிரி இன்னொன்று: 'கிழக்கு' என்ற எழுத்து, மரத்துக்குப் பின்னால் உதிக்கும் சூரியன் என்பது. கி.பி. 100-இல் ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் அடுக்கிய பெரிய அகராதியிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு முந்தைய வடிவங்கள் பல அவர் கண்ணில் படவே இல்லை. 1899-இல் வாங் யிரோங் என்ற அதிகாரி, மருந்துக்கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று விற்ற துண்டுகளில் இருந்தவை பழைய எழுத்துகள் என்று கண்டுகொண்டார். அவை சீனாவின் ஆன்யாங் என்ற ஊர்ப் பக்கம் மண்ணிலிருந்து வந்தவை. 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் வம்ச அரசர்கள் குறி கேட்க ஆமையின் வயிற்று ஓட்டையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் சூடுபடுத்தி, விழும் வெடிப்பைப் பார்த்தார்கள். கேட்ட கேள்வியை அதிலேயே கீறியும் வைத்தார்கள். அந்த எலும்புகளில் 'கிழக்கு' எப்படி இருக்கிறது தெரியுமா? இரண்டு முனையும் கட்டிய ஒரு மூட்டை! ஒலி ஒத்துப்போனதால் மூட்டையைக் கிழக்குக்குக் கடன் வாங்கிவிட்டார்கள். 'வா' என்ற எழுத்தும் இப்படித்தான், அது முதலில் கோதுமைக் கதிர். இங்கேயும் வேலை செய்தது ஒலிதான், டீச்சர் கவனிக்க.

திருச்சி மாணவர்: செய்தித்தாள் படிக்க எத்தனை எழுத்து தெரிய வேண்டும்? சீனர்களுக்கே மறக்காதா?

3,500 தெரிந்தால் தாராளம். 2013-இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் மொத்தம் 8,105. அதன் முதல் படி அந்த 3,500. 1716-இல் வந்த காங்ஷி அகராதியில் 47,000-க்கு மேல் உண்டு, ஆனால் பெரும்பாலானவை யாரும் தொடாதவை.

மறக்கும், நன்றாகவே மறக்கும். 'பேனாவை எடுத்தால் எழுத்து மறக்கும்' என்றே அவர்களிடம் ஒரு தொடர் இருக்கிறது. ஒருமுறை என் ஆசிரியையிடம் 'தும்மல்' எழுதச் சொன்னேன். முதல் எழுத்து சரசரவென்று வந்தது. இரண்டாவதற்கு வாய்ப் பகுதியை இடப்பக்கம் போட்டார், அதற்குமேல் பேனா நகரவில்லை. சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துப் பார்த்துத்தான் முடித்தார். நன்கு படித்தவர் அவர். ஆனால் தினமும் தட்டச்சு செய்கிறவருக்கு எழுத்தை அடையாளம் தெரிந்தால் போதும், கைக்கு அது வர வேண்டியதில்லை.

அதே தம்பியின் இன்னொரு கேள்வி: கைப்பேசியில் எப்படித்தான் அடிக்கிறார்கள்?

பெரும்பாலோர் 'பின்யின்' வழியாக. அது 1958-இல் ஏற்கப்பட்ட ரோமன் எழுத்துமுறை. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோ யோகுவாங். பொருளாதாரம் படித்தவர், 111 வயது வாழ்ந்து 2017-இல் இறந்தார். ஒலியை அடித்தால் அந்த ஒலிக்குரிய எழுத்துகள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொடுவார்கள். கணினிக்கு முந்தைய காலத்தில் தட்டச்சுக்காரர்கள் ஏறக்குறைய 2,500 ஈய அச்சுகள் அடுக்கிய தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். தந்தியில் ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்க எண்.

மதுரையிலிருந்து: மேலிருந்து கீழாக ஏன் எழுதினார்கள்?

மூங்கில்தான் காரணம் என்பது பொதுவான கருத்து. காகிதத்துக்கு முன் ஒடுக்கமான மூங்கில் சீவல்களில் சீவலுக்கு ஒரு வரிசையாக எழுதி, நூலால் கோர்த்து, பாய் மாதிரி சுருட்டி வைத்தார்கள். ஆமை ஓட்டில் இருக்கும் குதிரை, நாய், பன்றி எழுத்துகளைக் கவனியுங்கள்: தலை மேலே, வால் கீழே, கால்கள் பக்கவாட்டில். ஒடுக்கமான சீவலில் அடங்கட்டும் என்று நிமிர்த்தி வைத்தது போலவே இருக்கும். அவ்வளவு பழைய சீவல் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் நூலில் கட்டிய சீவல்களையே வரைந்த ஓர் எழுத்து அந்த எலும்புகளில் இருக்கிறது. இன்று சீனாவில் கிடைவரிசைதான். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'மக்கள் நாளிதழ்' 1956 ஜனவரி 1 அன்று மாறியது.

பினாங்கிலிருந்து ஒரு அக்கா: எழுத்துகளை எளிமையாக்கியபோது 'அன்பு' என்பதிலிருந்து இதயத்தை எடுத்துவிட்டார்கள் என்று இங்கே வருத்தப்படுகிறார்கள்.

எடுத்தது உண்மைதான், அக்கா. நடுவில் இருந்த இதயம் போய், அடியில் 'நண்பன்' என்ற வடிவம் வந்தது. ஆனால் 1956-இல் தொடங்கிய அந்தச் சீர்திருத்தத்தின் வடிவங்களில் பல, விரைவாக எழுதுகிறவர்கள் நூற்றாண்டுகளாகக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தவைதான். குதிரை 10 கோட்டிலிருந்து 3 கோடானது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு: ஒரே ஒலி என்பதற்காக இரண்டு எழுத்துகளை ஒன்றாக்கியது. முகமும் நூடுல்ஸும் இப்போது ஒரே எழுத்து. பேரரசிக்கும் 'பிறகு'வுக்கும் ஒரே எழுத்து. பழைய நூல்களைப் புதிய எழுத்தில் அச்சிடும்போது இது உண்மையான குழப்பம் தருகிறது. 1977-இல் இன்னும் குறைக்கப் பார்த்தார்கள், மக்களிடம் எடுபடாமல் 1986-இல் திரும்பப் பெற்றார்கள். தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவத்தையே வைத்திருக்கின்றன.

சிங்கப்பூரிலிருந்து: 'தமிழ்' என்று சீனத்தில் எப்படி எழுதுவார்கள்?

சீனாவில் 'தாய்-மி-எர்'. நடு எழுத்துக்கு அரிசி என்று பொருள், ஆனால் இங்கே ஒலிக்காக மட்டுமே வருகிறது. உங்கள் ஊரில் முதல் எழுத்தை மாற்றி 'தான்-மி-எர்' என்று எழுதும் வழக்கம் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஐயா: சீனமும் தமிழும் ஒரே கல்லில் உள்ளனவா?

உங்கள் நாட்டிலேயே இருக்கிறது, ஐயா. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, காலி என்ற ஊரின் பெயரால் வழங்கும் கல்வெட்டு. சீனாவின் மிங் பேரரசுத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று தேதியிட்டது, 1911-இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி விஷ்ணுவின் வடிவமான தென்னாவர நாயனாரை, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. சீனாவின் ச்சுவான்ஜோ துறைமுகத்திலும் 1281-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, அதன் கடைசி வரி சீனம்.

சேலத்திலிருந்து: எழுதிப் பழக ஆசை. எங்கே தொடங்கலாம்?

'யோங்' என்ற எழுத்திலிருந்து. பொருள், என்றென்றும். எண்ணினால் ஐந்து கோடுதான், ஆனால் தூரிகைக்கு அடிப்படையான எட்டு அசைவுகளும் அதற்குள் இருப்பதாகச் சொல்லிக் கொடுப்பார்கள். கட்டம் போட்ட தாள் வாங்குங்கள். ஒவ்வொரு கட்டமும் 'வயல்' என்ற எழுத்தைப் போலவே நான்காகப் பிரிந்திருக்கும். முதலில் உச்சியில் ஒரு புள்ளி. அடுத்து கையை எடுக்காமல் சிறிது வலப்பக்கம் போய், நேராகக் கீழே இறங்கி, அடியில் இடப்பக்கம் ஒரு கொக்கி. பிறகு இடப்பக்கத்துக் கோடு, வலப்பக்கம் மேலிருந்து சரியும் சிறு கோடு. கடைசிக் கோடு நடுவிலிருந்து வலப்பக்கம் கீழே சரியும். முடியும் இடத்தில் தூரிகையை அழுத்தி, ஒரு கணம் நிறுத்தி, மெல்ல வெளியே இழுத்து எடுங்கள்.